செயற்கைக்கோள் இணையம்: வீட்டுக்கூரை முதல் விமானத்தின் முதுகு வரை

செயற்கைக்கோள் இணையம் என்பது, கண்ணாடி இழை வடமோ கைபேசிக் கோபுரமோ எட்டாத இடத்தில் புவியைச் சுற்றும் செயற்கைக்கோள் வழியாக இணைய இணைப்பைப் பெறும் முறையாகும். வீட்டுக்கூரையில் இருக்கும் டிஷ், லாரியின் மேல் பதித்த தட்டை ஆண்டெனா, விமானத்தின் முதுகில் உள்ள ஆண்டெனா ஆகிய அனைத்திலும் தகவல் செல்லும் பாதை ஒன்றுதான். பயனர் அனுப்பும் கோரிக்கை வானொலி அலையாகச் செயற்கைக்கோளுக்குச் செல்கிறது. அங்கிருந்து இணையத்துடன் வடத்தால் இணைக்கப்பட்ட தரை நிலையத்திற்கு இறங்குகிறது. மறுமொழி அதே வழியில் திரும்பி வருகிறது.

இந்த முறையின் வேகம், தாமதம், டிஷ்ஷின் வடிவம், செலவு ஆகியவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் ஒரே எண்ணிலிருந்து பிறப்பதைக் காணலாம். அந்த எண், செயற்கைக்கோள் பறக்கும் உயரம்.

36,000 கிலோமீட்டர் உயரத்தில்

நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். இப்பாதையைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் விரிவாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தவர் அவர். புவிநிலைச் சுற்றுப்பாதை எனப்படும் இதில் முதல் செயற்கைக்கோள் 1964இல் நிலைநிறுத்தப்பட்டது.

நம் தெருக்களில் டிடிஎச் டிஷ்கள் இப்பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு தெருவில் ஒரே நிறுவனத்தின் டிஷ்கள் அனைத்தும் ஒரே திசையில் சாய்ந்திருப்பதற்குக் காரணம், அந்தச் செயற்கைக்கோள் வானில் நகராமல் இருப்பதே. ஒருமுறை திருப்பி இறுக்கிவிட்டால் போதும். இவ்வளவு உயரத்திலிருந்து புவிப்பரப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தெரிவதால், மூன்று செயற்கைக்கோள்களே துருவப் பகுதிகள் நீங்கலாக உலகம் முழுவதையும் எட்டிவிடும்.

ஆனால் அலை அவ்வளவு தொலைவு போய்வர நேரம் எடுக்கிறது. ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. வேகத்தில் சென்றாலும் மேலே போக 0.12 நொடி, கீழே வர 0.12 நொடி. கோரிக்கை போய் மறுமொழி வர இதைப்போல் இருமடங்கு, அதாவது ஏறத்தாழ அரை நொடி. கருவிகளில் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் 0.6 நொடி ஆகும். தொலைக்காட்சிக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் செய்தி நேரலையில் ஸ்டூடியோவில் இருப்பவர் கேள்வி கேட்டபின், களத்தில் நிற்கும் செய்தியாளர் சற்று நேரம் வெறுமனே நின்றுவிட்டுப் பேசத் தொடங்குவதை அனைவரும் பார்த்திருப்போம். செயற்கைக்கோள் வழி நேரலைகளில் அந்த இடைவெளிக்கு இந்த 36,000 கிலோமீட்டரே முதன்மைக் காரணம். காணொளி அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவதும் இதனால்தான்.

550 கிலோமீட்டர் உயரத்தில்

செயற்கைக்கோளைக் கீழே கொண்டுவந்தால் தாமதம் குறையும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 550 கி.மீ. அளவிலான உயரத்தில் நிறுவப்பட்டவை. அலை அங்கே போக 2 மில்லி நொடி கூட ஆகாது. தரை நிலையம், இணையப் பாதை எல்லாம் சேர்ந்தும் போய்வரும் நேரம் வழக்கமாக 25 முதல் 60 மில்லி நொடிக்குள் அடங்குகிறது. காணொளி அழைப்பு, இணைய விளையாட்டு இரண்டுக்கும் இது போதும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை வேறு. தாழ்புவிச் சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் நிற்காது. நொடிக்கு ஏறத்தாழ 7.6 கி.மீ. வேகத்தில் ஓடி, 95 நிமிடத்தில் உலகைச் சுற்றிவிடும். ஒரு வீட்டின் டிஷ்ஷுக்கு அது சில நிமிடங்களே தெரியும். அது மறைவதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும். தாழ இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தெரியும் நிலப்பரப்பும் சிறிது. எனவே மூன்று போதாது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தேவை.

இந்த எண்ணிக்கைதான் முதல் தலைமுறை முயற்சிகளைக் கவிழ்த்தது. 66 செயற்கைக்கோள்களுடன் 1998இல் பேச்சுச் சேவையைத் தொடங்கிய இரிடியம், அடுத்த ஆண்டே திவாலாகி, பின்னர் புதிய உரிமையாளர்களிடம் மீண்டெழுந்தது. வானத்திலிருந்து இணையம் தரத் திட்டமிட்ட டெலிடெசிக் 2002இல் பணியை நிறுத்திவிட்டது. ராக்கெட்டின் முதல் நிலையைத் தரையிறக்கி மீண்டும் பயன்படுத்தும் முறை 2015க்குப் பின் வளர்ந்தபோதுதான் கணக்கு மாறியது. 2019 மே மாதம் 60 செயற்கைக்கோள்களுடன் தொடங்கிய ஸ்டார்லிங்க் தொகுதி 2025இல் 8,000ஐத் தாண்டியது. ஏறத்தாழ 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒன்வெப் தொகுதிக்கு 600க்குச் சற்று அதிகமானவை போதுமாயின. உயரம் கூடினால் எண்ணிக்கை குறையும் என்பதற்கு இது சான்று. ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட் 2022, 2023 ஆண்டுகளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரு தவணைகளாக ஏவியது.

வீட்டில் அமைக்கும்போது

ஓடும் செயற்கைக்கோளை டிஷ் எப்படிப் பின்தொடர்கிறது? மோட்டார் வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. இதற்குத் தீர்வு, அசையாமலேயே பார்வையைத் திருப்பும் ஆண்டெனா. தட்டையான பலகைக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஆண்டெனாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். பள்ளி அணிவகுப்பில் ஒரே வரிசையில் நிற்பவர்கள் அனைவரும் ஒன்றாகக் காலெடுத்து வைத்தால் வரிசை நேராக முன்னேறும். இடக்கோடியில் இருப்பவர் முதலிலும், அடுத்தவர் ஒரு கணம் தாமதித்தும், அதற்கடுத்தவர் இன்னும் சற்றுத் தாமதித்தும் தொடங்கினால் வரிசை சாய்வாக நகரும். சிறு ஆண்டெனாக்கள் ஒவ்வொன்றும் அலையை வெளியிடும் நேரத்தை இப்படி மிக நுண்ணிய அளவில் மாற்றினால், அலைமுகம் சாய்ந்து வேண்டிய திசையில் செல்லும். ஒரு செயற்கைக்கோளிலிருந்து அடுத்ததற்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவவும் இதனால் முடிகிறது.

இவ்வகை ஆண்டெனாவுக்கு வானத்தின் ஒரு புள்ளி தெரிந்தால் போதாது. அகன்ற ஒரு பகுதி தடையின்றித் தெரிய வேண்டும். டிடிஎச் டிஷ்ஷை இரு தென்னை மரங்களுக்கு இடையே உள்ள சந்தில் வைத்தும் படம் பார்த்துவிடலாம். தாழ்புவி இணையத்தில் அதே சந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து வருவதாக முடியும். வேகம் அளக்கும் செயலியில் எண் நன்றாகக் காட்டும், ஆனால் அழைப்பு மட்டும் துண்டித்துக்கொண்டே இருக்கும். இத்தகைய புகாரில் முதலில் பார்க்க வேண்டியது மரக்கிளையையே.

மழையும் ஒரு தடை. பயனருக்கு வரும் அலைகள் பெரும்பாலும் 10 முதல் 13 கிகா ஹெர்ட்ஸ் வரையிலானவை. அவற்றின் அலைநீளம் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். கனமழைத் துளிகள் இந்த அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்யும். அடைமழையில் தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடைவதும் இதே காரணத்தால்தான். மின்செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டுக்கான ஸ்டார்லிங்க் கருவி சராசரியாக 75 முதல் 100 வாட் எடுக்கிறது. நாள் முழுவதும் இயங்கினால் ஏறத்தாழ 2 யூனிட். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் இதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

எல்லா வீட்டுக்கும் இது ஏற்றதா என்றால், இல்லை. ஒரு செயற்கைக்கோள் தரையின் ஒரு பகுதியை நோக்கி வீசும் கற்றையில் உள்ள கொள்ளளவை அப்பகுதியில் உள்ள பயனர்கள் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி இழையில் தெருவுக்கு இன்னொரு வடம் இழுக்கலாம். வானத்தில் அலைக்கற்றையை அப்படிக் கூட்ட முடியாது. 2024 இறுதியில் நைரோபி, லாகோஸ் போன்ற நெரிசல் மிக்க நகரங்களில் ஸ்டார்லிங்க் இடமில்லை என்று புதிய சந்தாவை நிறுத்தி வைத்தது. மக்கள் அடர்ந்த ஊருக்கு வடமும், சிதறி வாழும் இடத்திற்குச் செயற்கைக்கோளும் என்பதே பொருத்தமான பிரிவினை. அந்தமான் நிக்கோபார் தீவுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் புவிநிலைச் செயற்கைக்கோளை நம்பியிருந்த அத்தீவுகளுக்கு, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடி வடம் 2020 ஆகஸ்டில் இணைக்கப்பட்டது. அதன்பின் அங்கே இணையத்தின் தரம் அடியோடு மாறிவிட்டது.

ஆனால் வடம் அறுந்தால்? 2022 ஜனவரி 15 அன்று தொங்கா நாட்டில் கடலடி எரிமலை வெடித்ததில் அந்நாட்டை உலகுடன் இணைத்த ஒரே வடம் துண்டானது. பழுதுபார்க்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த வாரங்களில் வெளிநாட்டில் வாழும் உறவினர்கள், சொந்தத் தீவில் யார் உயிருடன் இருக்கிறார்கள் என்று அறிய ஒரு சில செயற்கைக்கோள் இணைப்புகளையே நம்ப வேண்டியிருந்தது.

ஓடும் வாகனத்தில்

வாகனம் நகர்வதால் இணைப்பு விட்டுப்போகும் என்று பலர் நினைப்பர். புவிநிலைச் செயற்கைக்கோளைக் குறிவைக்கும் குழிந்த டிஷ்ஷைப் பொறுத்தவரை இது சரி. ஓபி வேன்கள் ஓரிடத்தில் நின்றபின் கூரையில் உள்ள டிஷ்ஷை நிமிர்த்துவதைக் காணலாம். தாழ்புவி முறையில் நிலைமை வேறு. செயற்கைக்கோளே மணிக்கு 27,000 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதைப் பின்தொடரக் கற்ற ஆண்டெனாவுக்கு, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஏறக்குறைய நிற்பது போலத்தான். ஓடும் வாகனம், படகு, விமானம் ஆகியவற்றில் ஸ்டார்லிங்க்கைப் பயன்படுத்த அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2022இல் அனுமதி அளித்தது. ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையும், வாகன பேட்டரியிலிருந்தே இயங்கும் திறனும் கொண்ட சிறு கருவிகளும் இப்போது உண்டு. வாகனத்தில் உண்மையான இடையூறு வேகம் அல்ல. சாலையின் இருபுறமும் கவிந்த மரங்கள், மேம்பாலம், சுரங்கப்பாதை, மலைப்பாதையின் செங்குத்துச் சரிவு ஆகியவையே.

படகில்

கடலில் மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. அங்கே தடை, புவியின் வளைவு. படகில் 5 மீட்டர் உயரத்தில் உள்ள ஆண்டெனாவுக்கு அடிவானம் ஏறத்தாழ 8 கி.மீ.யில் முடிந்துவிடும். கரையில் உயர்ந்த கோபுரம் இருந்தாலும் சாதாரண விஎச்எஃப் வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டரோடு நின்றுபோகும். கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் பகுதி மீனவர்கள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கு அருகே விரைந்து வலுப்பெற்றபோது, ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழியில்லை. தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

அதன்பின் முன்னெடுக்கப்பட்டதே மீன்பிடிப் படகுகளில் இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தும் திட்டம். ஒரு லட்சம் படகுகள் இதன் இலக்கு. புவிநிலைப் பாதையில் உள்ள ஜிசாட்-6 வழியாகக் கரைக்கும் படகுக்கும் இடையே குறுஞ்செய்தி போய்வரும். படகில் சிறிய ஆண்டெனாவே வைக்க முடியும் என்பதால், அதன் மெல்லிய அலையைப் பிடிக்க அச்செயற்கைக்கோளில் 6 மீட்டர் அகலமுள்ள, விண்வெளியில் விரியும் ஆண்டெனா உள்ளது. இதில் படம் பார்க்க முடியாது. ஆனால் ‘புயல் வருகிறது, திரும்பு’ என்ற செய்தி அரை நொடி தாமதித்து வந்தால் என்ன குறை? உயரம் இங்கே கேடு செய்யவில்லை. மாறாக, ஒரே செயற்கைக்கோள் கடல்பரப்பு முழுவதையும் பார்க்க உதவுகிறது.

விமானத்தில்

சென்னைப் பரங்கிமலை உச்சியிலிருந்து விமான நிலைய ஓடுதளத்தைப் பார்ப்பவர்கள், சில விமானங்களின் முதுகில் திமில் போன்ற ஒரு புடைப்பு இருப்பதைக் கவனிக்கலாம். செயற்கைக்கோள் இணைய ஆண்டெனாவை மூடும் உறை அது. அதற்குள் செயற்கைக்கோளை நோக்கித் திரும்பியபடியே இருக்கும் ஆண்டெனா இருக்கும். தட்டை ஆண்டெனா பொருத்திய விமானங்களில் புடைப்பு மிகத் தாழ்வாக இருக்கும், தொலைநோக்கியில்தான் தெரியும். விமான இணையத்தை 2004இல் தொடங்கிய போயிங்கின் கனெக்ஷன் சேவை, போதிய வருவாயின்றி 2006இல் நிறுத்தப்பட்டது. ஏர் இந்தியா தன் உள்நாட்டுப் பயணங்களில் சில விமானங்களில் 2025 ஜனவரி முதல் வைஃபை வழங்கத் தொடங்கியது.

விமானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் கண்ணோடு காதையும் பயன்படுத்துகிறார்கள். இன்றைய பயணிகள் விமானங்கள் தம் அடையாளம், இடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகா ஹெர்ட்ஸ் அலையில் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. ஏடிஎஸ்-பி எனப்படும் இந்த அறிவிப்பைக் கணினியில் செருகும் ஒரு சிறு வானொலி ஏற்பியும் எளிய ஆண்டெனாவும் கொண்டு பிடிக்கலாம். இணையத்தில் விமானங்கள் நகரும் வரைபடங்களின் தரவில் பெரும்பகுதி இத்தகைய தன்னார்வலர்களின் மாடிகளிலிருந்து வருவதே. 11 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தின் அலையை, தடை இல்லாத இடத்தில் 350 கி.மீ.க்கு அப்பாலிருந்தும் பிடிக்க முடியும். படகுக்கு 8 கி.மீ.யில் முடிந்த அடிவானம் இங்கே இவ்வளவு விரிந்துவிடுகிறது.

எனினும் பெருங்கடலின் நடுவில் மாடியும் இல்லை, ஏற்பியும் இல்லை. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்எச்370 விமானம் ரேடார்களிலிருந்து மறைந்தது. அதன் இருப்பிடம் எதையும் அது அறிவிக்கவில்லை. ஆயினும் அதன் செயற்கைக்கோள் கருவி, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நின்ற இன்மார்சாட் செயற்கைக்கோளுக்கு, காலை 8.19 வரை அவ்வப்போது ‘இணைப்பில் இருக்கிறேன்’ என்ற அளவில் மறுமொழி அளித்திருந்தது. அச்செய்திகளில் இடம் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை; ஆனால் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரம் பதிவாகியிருந்தது. ஒரு மைக்ரோ நொடியில் அலை 300 மீட்டர் செல்லும் என்பதால், அந்த நேரத்திலிருந்து விமானத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிட்டனர். அத்தொலைவில் உள்ள இடங்கள் எல்லாம் வரைபடத்தில் ஒரு வளைவாக அமைந்தன. கடைசி மறுமொழிக்குரிய வளைவு, தேடுதல் இலக்கியத்தில் ஏழாவது வளைவு எனப்படுகிறது. வழக்கமாக நாம் குறைபாடாகக் கருதும் தாமதமே அங்கே முக்கியத் தடயமாயிற்று. தெற்கு இந்தியப் பெருங்கடலில் அதை ஒட்டியே தேடினர். விமானத்தின் முதன்மைச் சிதைவு கிடைக்கவில்லை. இறக்கையின் ஒரு பகுதி 2015இல் ரீயூனியன் தீவில் கரையொதுங்கியது.

இதற்குப் பின், ஏடிஎஸ்-பி அறிவிப்பை விண்ணிலிருந்தே கேட்கும் ஏற்பிகள் இரிடியத்தின் புதிய செயற்கைக்கோள்களில் பொருத்தப்பட்டு, 2019 முதல் கடல் மீது பறக்கும் விமானங்களையும் கண்காணிக்கின்றன. விமானத்தில் கருவி அணைக்கப்பட்டால் இதுவும் பயன்படாது.

சட்டம்

வானம் பொதுவாகத் தெரிந்தாலும் அலைக்கற்றை அந்தந்த நாட்டு அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. இலங்கையில் ஸ்டார்லிங்க் 2024இல் உரிமம் பெற்று 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. இந்தியாவில் ஒன்வெப், ஜியோ ஆகியவற்றுக்குப் பின் ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் உரிமம் வழங்கப்பட்டது. ஒரு நாட்டில் வாங்கிய கருவியை அடுத்த நாட்டுக்கு எடுத்துச்சென்று இயக்கலாம் என்று எண்ணுவது ஆபத்து. குறிப்பாக, அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கில் சிக்கியதுண்டு. வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் மலையேற்றக் கருவியிலும் செயற்கைக்கோள் தொடர்பு வசதி இருக்கலாம். முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானம் பார்ப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. விமானப்படையும் பயன்படுத்தும் நிலையங்களில் படமெடுக்கத் தடை உண்டு. 2001இல் கிரீசில் ராணுவ விமானத் தளத்தில் விமானப் பதிவெண்களைக் குறித்த பிரிட்டன், நெதர்லாந்து நாட்டவர் 14 பேர் உளவு பார்த்ததாகக் கைதாகி, தண்டனையும் பெற்று, மேல்முறையீட்டில்தான் விடுதலையாயினர்.

மாடியிலிருந்து பார்த்தால்

இருட்டிய பின் முதல் ஒரு மணி நேரமும், விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரமும் செயற்கைக்கோள்களைக் காண ஏற்றவை. தரை இருளில் இருக்கும்போதும் அவற்றின் மீது வெயில் படுவதே காரணம். விமானத்தின் விளக்கு மின்னி மின்னி அணையும். செயற்கைக்கோள் மின்னாமல் சீரான ஒளிப்புள்ளியாக நகர்ந்து, புவியின் நிழலில் நுழைந்ததும் நடுவானிலேயே மறைந்துபோகும். புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க்குகள் சில நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிகள் போலச் செல்லும். பார்க்க அழகுதான், ஆனால் நீண்ட நேரம் வெளிச்சத்தைச் சேகரித்துப் படமெடுக்கும் வானியலாளர்களுக்கு இவை படத்தின் குறுக்கே விழும் கோடுகள். அவர்களுடைய புகார்களுக்குப் பின் செயற்கைக்கோள்களின் ஒளிர்வைக் குறைக்க முயற்சிகள் நடந்துள்ளன. சிக்கல் முழுவதும் தீரவில்லை.

தாழப் பறப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. 550 கி.மீ. உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது; அதன் இழுவையை ஈடுகட்டச் செயற்கைக்கோள் அவ்வப்போது தன்னை உந்திக்கொள்ள வேண்டும். உந்துதல் நின்றால் சில ஆண்டுகளில் தானே இறங்கி எரிந்துவிடும். 2022 பிப்ரவரியில் சூரியப் புயலால் மேல்வளிமண்டலம் விரிந்தபோது, ஏவிய புதிதில் இன்னும் தாழ்வாக இருந்த 49 செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ 40 மேலேற முடியாமல் விழுந்தன. எரிகல் ஓரிரு நொடியில் மறையும். இவையோ மெதுவாக, துண்டு துண்டாகப் பிரிந்தபடி, வானத்தைக் கடக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.